ஆஸ்பத்திரிக்குள் புகுந்த பயம்

நான் டாக்டர் இல்லை. பி.காம். முடித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவன். இருந்தாலும், எச்.ஐ.வி. என்றதும் ஆஸ்பத்திரிக்காரர்களே ஏன் ஒதுங்கினார்கள் என்ற கேள்வி ரொம்ப நாளாக உண்டு. பதில் தேடினால் கதை நம்ம சென்னையில்தான் தொடங்குகிறது.

1986. சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை சுனிதி சாலமனும் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் பாலியல் தொழிலாளர்களிடம் சேகரித்த ரத்தத்தை வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தார்கள். ஆறு பேருக்குத் தொற்று. இந்தியாவில் அதுதான் முதல். அப்போது மருந்து கிடையாது. பயம் மட்டும் தாராளமாகக் கிடைத்தது.

1989-ல் கோவாவில் டொமினிக் டிசூசா என்ற இளைஞரைப் போலீஸ் பிடித்துப்போய், பழைய காசநோய் மருத்துவமனையில் 64 நாள் அடைத்து வைத்தது. செய்த குற்றம்? ரத்த தானம்! அதில்தான் தொற்று தெரிய வந்தது. அப்படி அடைத்து வைக்க அன்றைய கோவா சட்டமே இடம் கொடுத்தது. அரசாங்கமே பூட்டுப் போட்டால், வார்டு ஊழியர் தள்ளி நிற்க மாட்டாரா?

எல்லோரும் ஒதுங்கிவிடவில்லை. 1993-ல் சுனிதி சாலமன் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கினார். தாம்பரம் சானடோரியம் இந்த நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டது. 2004-ல் அரசின் இலவசக் கூட்டு மருந்தும் வந்தது.

ஊழியர்களின் பயத்தைக் கேலி செய்ய மாட்டேன். ஊசி அவர்கள் கையில்தானே குத்தும்? ஆனால் கணக்கைப் பாருங்கள். எச்.ஐ.வி. ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் சுமார் மூன்று. உடனே மருந்து சாப்பிட்டால் அதுவும் வெகுவாகக் குறையும். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்போ நூற்றுக்கு முப்பது வரை!

கவுண்டரில் நாங்கள் ஆள் பார்த்தா நோட்டு எண்ணுகிறோம்? யார் கட்டினாலும் எண்ணித்தான் வாங்குவோம். கையுறையும் அப்படித்தான், எல்லா நோயாளிக்கும் ஒரே ஜாக்கிரதை. ஒருவர் கட்டிலில் மட்டும் அட்டை தொங்கவிட்டால் அவருக்கு அவமானம். அட்டை இல்லாத, தொற்று இருப்பதே தெரியாத பக்கத்துக் கட்டில்காரரிடம் ஊழியருக்கு அலட்சியம்.

2017-ல் இயற்றி 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த சட்டம் இரண்டு பக்கத்தையும் பார்க்கிறது. சிகிச்சையில் பாகுபாடு கூடாது, சம்மதமில்லாமல் சோதிக்கக் கூடாது. ஊழியருக்குப் பாதுகாப்புச் சாதனமும் ஊசி குத்தினால் மருந்தும் நிர்வாகம் தர வேண்டும்.

நம் வீடுகளிலும் நர்ஸ்கள், டாக்டர்கள் இருக்கிறார்கள். அடுத்த முறை போனில் பேசும்போது கேளுங்கள்: "உங்க வார்டுல எல்லாருக்கும் கையுறை போடறீங்களா, இல்லை ஆள் பார்த்தா?"