அனுப்பி வைத்த ஆசான்

ஆராய்ச்சிக்கு நல்ல 'கைடு' அமைவது பாக்கியம் என்பார்கள். யார் நல்ல கைடு என்று இளைய தம்பிகள் கேட்டால், நான் ஃபாதர் ராசினைத்தான் சொல்வேன்.

பாரிஸில் எலி கார்த்தானிடம் ஆராய்ச்சி செய்து 1934-இல் டாக்டர் பட்டம் பெற்ற ஏசு சபைப் பாதிரியார் அவர். 1937-இல் திருச்சி புனித வளனார் கல்லூரிக்கு வந்தார். 1939 முதல் சென்னை லயோலாவில் கணிதம் கற்பித்தார். பரீட்சைக்கு வேண்டியதோடு நிற்காமல், ஐரோப்பாவின் புதுக் கணிதத்தையும் பையன்களுக்குக் காட்டினார். கெட்டிக்காரர்களைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொண்டாரா? இல்லீங்க. பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போகத் தூண்டினார்.

அப்படி 1953-இல் போனவர்கள்தான் எம்.எஸ். நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்ரியும். 1965-இல் அவர்கள் வெளியிட்ட தேற்றம் இன்றும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது.

தம்பி தங்கைகளே, தன்னைத் தாண்டிப் போகச் சொல்லும் ஆசிரியரைத் தேடுங்கள். நம்மில் ஆசிரியர்களாக இருப்பவர்களே, பிள்ளைகளை அனுப்பி வைக்கப் பழகுவோம்.