வால்யூம் மேனேஜர் மாற்றமும் அதன் முன்னாயத்தமும்

ஒரு சர்வரின் சேமிப்பு வால்யூம்களை அவை இருக்கும் டிஸ்குகளிலேயே வைத்து ஒரு வால்யூம் மேனேஜரிலிருந்து பிறிதொன்றுக்கு மாற்றுங்கால், தரவு இருந்த இடத்தைவிட்டு அசைவதில்லை. எந்த வால்யூமின் எந்தப் பாகம் எந்த டிஸ்கில் எவ்வரிசையில் கிடக்கிறதென்று சொல்லும் பதிவு மாத்திரமே, நிலம் கிடந்தபடி கிடக்கப் பட்டா மட்டும் மாறுவதுபோல், திருத்தி எழுதப்படுகிறது. அப்பதிவு சிதைந்தாலோ, தரவு முழுவதும் டிஸ்கில் இருந்தும் இல்லாததற்குச் சமானமே.

இப்பதிவைக் காக்கும் ஆயத்தத்தைப் பற்றி மும்பையில் ஒரு தவறான எண்ணம் உண்டு. 2005 ஜூலை 26-ஆம் நாள் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய அனுபவம், இந்நகரத்துக் கணினித் துறையினரிடையே ஆயத்தம் என்பதையே இயற்கை உற்பாதத்தை வைத்து அளக்கும் மனோபாவத்தைப் பலப்படுத்தியது என்பது என் அபிப்பிராயம். சென்னையிலோ ஹைதராபாத்திலோ தரவின் ஒரு பிரதி சதா தயாராக இருக்கிறதே, இனி என்ன பயம் என்று வால்யூம் மேனேஜரை மாற்றும் வேளையிலும் கேட்பவர்கள் உண்டு.

இக்கேள்வி பிழைபட்டது. டிஸ்க் மட்டத்தில் நிகழும் ஒவ்வோர் எழுத்தையும் உடனுக்குடன் அப்படியே படியெடுக்கும் தூரத்துப் பிரதி, வெள்ளத்திலிருந்து காக்கும். தவறாக எழுதப்பட்ட பதிவிலிருந்து காவாது, ஏனெனில் அத்தவறும் அதே விசுவாசத்துடன் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே முதற் கடமை, படியெடுப்பை ஒரு குறிப்பிட்ட கணத்தில் நிறுத்திவைப்பதும், தனியே ஒரு பேக்கப் எடுத்து அதை வேறொரு சர்வரில் மீட்டுப் பார்ப்பதுமாகும். மீட்டுப் பாராத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

1998-இல் ஹைன்ஸ் மாவெல்ஸ்ஹாகன் லினக்ஸுக்கென எழுதத் தொடங்கிய எல்விஎம் என்னும் வால்யூம் மேனேஜரிலிருந்து வெரிட்டாஸ் வால்யூம் மேனேஜருக்குச் செல்வதை உதாரணமாகக் கொள்வோம். வெரிட்டாஸ் ஒவ்வொரு டிஸ்கிலும் தன் பதிவுக்கென ஒரு தனிப்பகுதியை ஒதுக்குவது. டிஸ்க் விளிம்புவரை நிரம்பியிருந்தால் அதற்கு இடமேது? இடம் உண்டாக்க வால்யூமைச் சுருக்க நேர்ந்தால், பைல் சிஸ்டத்தை முதலிலும் வால்யூமைப் பிறகுமாகச் சுருக்கவேண்டும். வரிசை தலைகீழானால் தரவின் வால்பகுதி அறுபட்டுப்போகும். இஎக்ஸ்டி4 என்னும் பைல் சிஸ்டம் இதற்கு இசையும். எக்ஸ்எஃப்எஸ் என்னும் பைல் சிஸ்டமோ வளர்க்கக்கூடியதேயன்றிச் சாமானியமாகச் சுருக்கக்கூடியதன்று, எனவே அங்கே தரவை வேறிடத்துக்கு நகலெடுப்பதே வழி. ஸ்நாப்ஷாட்டுகளை நீக்குவதும், எல்விஎம் தன் பதிவுகளின் நகலை அதே சர்வரில் வைத்துக்கொள்ளும் வழக்கமுடையதாகையால் அந்நகலை வெளியே எடுத்துவைப்பதும், வால்யூம்களின் பெயர் மாறும்போது பழைய பெயரை நம்பியிருக்கும் மவுண்ட் பட்டியலையும் டேட்டாபேஸ் அமைப்புகளையும் முன்கூட்டித் தேடிக் குறிப்பதும் இதனோடு சேர்ந்தவை. மாற்றத்தைச் செய்யும் கருவியே முதலில் ஆராய்ந்து மட்டும் பார்க்கும் வசதியைத் தருகிறது. அதைப் பலநாள் முன்பே ஓட்டிப் பார்ப்பவர் சிலரே.

திரும்பிவரும் மார்க்கமே இவற்றுள் பிரதானமானது. பேக்கப்பிலிருந்து மீட்டால் இடைக்காலத்தில் சேர்ந்த தரவு போய்விடும். பதிவை மட்டும் பழையபடி திருப்பினால் அது போகாது. ஆயினும் புதிய மேனேஜரின் கீழ் ஒரு வால்யூமை ஒருமுறை பெரிதாக்கிவிட்டால், பழைய பதிவு மெய்ந்நிலைக்குப் பொருந்தாமற்போய் அம்மார்க்கம் சந்தடியின்றி அடைபட்டுவிடுகிறது. பணப்பரிவர்த்தனைத் தரவு இந்தியாவிலேயே இருக்கவேண்டுமென்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் உத்தரவிட்ட பின், மும்பையில் அத்தரவைத் தாங்கும் சர்வர்களில் இடம் போதவில்லை என்ற விண்ணப்பம் வெகுநாள் தாமதிப்பதில்லை. மாதக் கடைசிக் கணக்கு முடிப்பு ஒருமுறையேனும் புதிய ஏற்பாட்டின்கீழ் நடந்தேறும்வரை எந்த வால்யூமையும் பெரிதாக்கலாகாது என்னும் சம்மதத்தை, மாற்றத்துக்கு முன்பே விண்ணப்பிப்போரிடமிருந்து எழுத்து மூலம் பெற்றிருக்கவேண்டும்.