சிவந்த மண்ணில் மஞ்சள் இலை

விருத்தாசலத்துல எங்க வீட்டுப் பின்பக்கம் ஒரு கறிவேப்பிலைச் செடி இருக்கு. ஆயா வீட்டுக் கிணத்தடியிலிருந்து கொண்டுவந்து வெச்ச கன்னு. அந்த வீட்டை வித்தாச்சு, கிணத்தைத் தூர்த்தாச்சு, ஆயாவும் இல்லை. அந்த வீட்டோட மிச்சம்னு இருக்கறது இந்தச் செடி மட்டும்தான். போன வருஷம் அம்மா போன்ல "செடி வெளுத்துப் போச்சுடா"ன்னு சொன்னப்போ குரலே ஒரு மாதிரியா இருந்துச்சு.

பொட்டி தட்டுறவன்கிட்ட எல்லாத்துக்கும் ஒரு தீர்வு ரெடியா இருக்குமில்ல? "சத்து பத்தலைம்மா, டிஏபி போடு"ன்னு சொல்லிட்டு போனை வெச்சுட்டேன். நான் ஊருக்குப் போறதுக்குள்ள கொழுந்தெல்லாம் மஞ்சளைத் தாண்டி கிட்டத்தட்ட வெள்ளையாயிடுச்சு. அம்மா ஒண்ணும் சொல்லலை. அதான் பயமே :-(

எங்க சொந்தத்துல கடலை போடற மாமா ஒருத்தர் வந்து பார்த்தார். கேட்டது ஒரே கேள்விதான்: "மஞ்சள் மேலயா, கீழயாடா?"

யோசிச்சுப் பாருங்க, எவ்வளவு சரியான கேள்வி. தழைச்சத்தும் மெக்னீசியமும் செடிக்குள்ள இடம் மாறக்கூடியவை. தட்டுப்பாடு வந்தா செடி கிழட்டு இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்குக் கொடுத்துடும். அதனால கீழ் இலைதான் முதல்ல மஞ்சளாகும். இரும்பு அப்படி எளிதா நகராது. போன இலையிலேயே தங்கிடும். புதுக் கொழுந்து பட்டினி. எங்க செடியில கீழ் இலை கரும்பச்சை, மேல் இலை மஞ்சள், அதுல நரம்பு மட்டும் பச்சைக் கோடா தெரிஞ்சுது. "இரும்புச்சத்து இல்லை"ன்னுட்டார் மாமா.

அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கலை. அவர் செராமிக் சூளையில வேலை பார்த்தவர். "இந்த ஊர் மண்ணுல இரும்பு இல்லையா? களிமண் கரைசலைக் காந்தம் வெச்சு வடிகட்டுவோம்டா நாங்க. துளி இரும்பு தப்பிச்சாலும் வெள்ளைப் பொம்மை மூஞ்சியில பழுப்புப் புள்ளி விழுந்துடும்"னார். நியாயம்தானே? செம்மண் சிவப்பா இருக்கறதே இரும்பாலதான். பூமியோட மேலோட்டுல எடைக்கு நூத்துக்கு சுமார் 5 பங்கு இரும்பு. அதுல நிக்கற செடிக்கு இரும்பு இல்லைன்னா யார் நம்புவா?

இந்தக் குழப்பம் அப்பாவுக்கு மட்டும் வந்ததில்லை. 1840-கள்ல பிரான்ஸ்ல யூசேப் கிரி வெளுத்துப்போன செடிகளுக்கு இரும்பு உப்புக் கரைசலைக் கொடுத்துப் பார்த்தார். இலை மேல தடவினா தடவின இடம் பச்சையாச்சு. அப்போ ஐரோப்பாவுல ரத்தசோகை வந்த இளம்பெண்களோட நோய்க்கும் குளோரோசிஸ்னுதான் பேர், அதுக்கும் இரும்பு மாத்திரைதான் கொடுத்துட்டிருந்தாங்க. நம்ம ஊர்லயும் அதே கதைதான்: சித்த மருத்துவத்துல சோகைக்கு அன்னபேதிச் செந்தூரம். அன்னபேதின்னா வேற ஒண்ணுமில்லை, பெரஸ் சல்பேட். செடி வெளுக்கறதுக்குத் தமிழ்ல பச்சைய சோகைன்னு யார் பேர் வெச்சாங்களோ, கும்பிடணும்.

1860 வாக்குல ஜெர்மனியில ஜூலியஸ் சாக்ஸ் மண்ணே இல்லாம தண்ணியில செடி வளர்த்து, இரும்பு இல்லாட்டி இலை வெளுக்கும்னு காட்டினார். அப்போ பச்சையத்துக்குள்ள இரும்பு இருக்குன்னுதானே நினைக்கத் தோணும்? இல்லையாம். நடுவுல உட்கார்ந்திருக்கறது மெக்னீசியம்னு வில்ஸ்டேட்டர் கண்டுபிடிச்சார் (1915-ல நோபல் பரிசு). பச்சையத்தை உருவாக்கற வேலைக்குத்தான் இரும்பு வேணும். வீட்டுல கொத்தனார் இல்லைங்கறதுக்காகக் கொத்தனார் இல்லாமலே வீடு எழும்பிச்சுன்னு சொல்ல முடியுமா?

சரி, இரும்பு மண்ணுல இருந்தும் செடிக்கு ஏன் கிடைக்கலை? இதுக்குப் பெரிய பாடம் கிடைச்சது திராட்சைத் தோட்டத்துல. 19-ம் நூற்றாண்டோட பிற்பாதியில ஃபில்லாக்சராங்கற பூச்சி பிரான்ஸ் திராட்சை வேரையெல்லாம் அழிச்சுது. அந்தப் பூச்சியைத் தாங்கற அமெரிக்க வேர்ச்செடியில ஒட்டு கட்டினாங்க. பூச்சி பிரச்சினை தீர்ந்துது, ஆனா சுண்ணாம்பு மண்ணுல ஒட்டுச்செடி மஞ்சளாச்சு. (ஒரு பக் சரிபண்ணா இன்னொண்ணு முளைக்கும், நமக்குத் தெரியாததா!) 1887-ல பியர் வியாலாவை அமெரிக்காவுக்கு அனுப்பி, சுண்ணாம்பைத் தாங்கற காட்டுத் திராட்சையைத் தேடச் சொன்னாங்க. டெக்சாஸ்ல டி.வி. மன்சன்ங்கறவர் வழிகாட்ட, அங்கத்த சுண்ணாம்பு நிலத்துலயே வளர்ற பெர்லாண்டியரி கிடைச்சுது. இன்னிக்கும் பல வேர்ச்செடிகள் அதோட வாரிசுகள்தான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஹவாய் கதை. அங்கயும் நம்மளை மாதிரி இரும்பு நிறைஞ்ச மண். ஆனா சில நிலத்துல அன்னாசி மஞ்சளாச்சு. மாங்கனீசு அதிகமா இருந்து இரும்பைத் தடுக்குதுன்னு மேக்ஸ்வெல் ஜான்சன் சொன்னார். மண்ணுல இரும்பைக் கொட்டிப் பிரயோஜனமில்லைன்னு 1916-லயே இலை மேல பெரஸ் சல்பேட் தெளிக்கச் சொன்னார். பயிர் பச்சையாயிடுச்சு. மண்ணுல இருக்கறது வேற, வேருக்குக் கிடைக்கறது வேற. 1950-களோட தொடக்கத்துல ஃபுளோரிடாவுல ஸ்டூவர்ட்டும் லெனார்டும் எலுமிச்சை இனத் தோட்டங்கள்ல இடிடிஏவோட கட்டின இரும்பை மண்ணுல போட்டு ஜெயிச்சாங்க. இடிடிஏ இரும்பைப் பிடிச்சுக் கரைஞ்ச நிலையிலேயே வெச்சிருக்கும். கடையில கீலேட்னு விக்கறது அந்த வகைதான்.

ஒரு கூடுதல் தகவல், கடலைக்காரங்களுக்கு. சோளம், கம்பு மாதிரி புல் இனங்களோட வேர், இரும்பைக் கரைக்கற ஒரு பொருளைக் கசியவிடும். மக்காச்சோளத்தோட ஊடுபயிரா வளர்ற கடலைக்கும் அதனால இரும்பு கூடுதலா கிடைக்குதுன்னு 2000 வாக்குல சீனாவுல காட்டினாங்க. கடலையில ஊடுபயிரா கம்பு போடற பழக்கம் நம்மகிட்ட இருக்கறதுதானே.

எங்க கதைக்கு வர்றேன். செடி அடியில ஒரு அடி தோண்டினேன். செங்கல் துண்டும் வெள்ளை வெள்ளையா சுண்ணாம்புக் காரையும் வந்துச்சு. பழைய வீட்டை இடிச்ச ரப்பிஷை நாங்களேதான் அங்க கொட்டி மேடாக்கியிருக்கோம். பாத்ரூம் கழுவுற ஆசிட் ரெண்டு சொட்டு விட்டேன், பொங்கிச்சு. சுண்ணாம்பு இருக்கற மண்ணுல இரும்பு கரையாத துருவா மாறிடும். அது மேல நான் போடச் சொன்ன டிஏபியோட மணிச்சத்து வேற, மிச்சம் மீதி இரும்பையும் கட்டிப்போட்டிருக்கும். ஹி ஹி.

நாட்டு மருந்துக் கடையில அன்னபேதி வாங்கி, லிட்டருக்கு 5 கிராம் கரைச்சு, முதல்ல ஒரே ஒரு கொத்துல மட்டும் சாயங்காலமா தடவினேன். கரைசல் வெளிர் பச்சையா இருக்கணும், பழுப்பாயிட்டா கீழ கொட்டிடணும். மிச்சக் கரைசல் டம்ளர்ல ராத்திரி முழுக்க இருந்து காலையில பழுப்பா நின்னப்போ அப்பா பார்த்துட்டு, "சூளையில காத்து கூடினா மண்ணு சிவக்கறது இதே சங்கதிதான்"னார். அதுக்கப்புறம் அவர் சிரிக்கலை.

பத்து நாள்ல தடவின கொத்து மட்டும் பச்சையாச்சு. அப்புறம் முழுச் செடிக்கும் தெளிச்சோம். ஆனா மண்ணு அதே மண்ணுதான், அடுத்த கொழுந்து மறுபடி வெளுக்கும். அதனால வேர்ல முளைச்ச பக்கக் கன்னு மூணு எடுத்து, ரப்பிஷ் இல்லாத செம்மண் நிரப்பி, அப்பா கொண்டுவந்த விரிசல் விட்ட பீங்கான் ஜாடியில வெச்சோம். ஒண்ணு போயிடுச்சு. ரெண்டு பிழைச்சிருக்கு. ஒண்ணை அத்தை கேட்டிருக்காங்க, அம்மா இன்னும் தரலை.