பாஷைக்குள் குடிபோனவர்கள்

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தது, பாஷை கற்கிறவர்களை நினைத்துத்தானோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. எங்கள் ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராகப் பெருமாள் சந்நிதி இருக்கிறது. இம்மாதிரித் திவ்விய ஸ்தலங்களில் பிரபந்தம் சேவிக்கிறவர்கள் பழைய நாளில் புத்தகத்தைப் பார்த்துப் பாடம் பண்ணியதில்லை. குரு ஓர் அடியைச் சொல்ல, சிஷ்யன் அதைத் திருப்பிச் சொல்ல, காது வழியாகவே பாடம் ஏறியது. 'சந்தை' என்று அதற்குப் பெயர். முதலில் ஒலி வந்து நாக்கில் உட்கார வேண்டும். அர்த்தம் பின்னாலே மெதுவாக வந்து சேரும்.

இப்போது நம் பிள்ளைகளில் சிலர் கோடை விடுமுறையில் ருஷ்ய தேசத்துக்குப் போய், மாணவர் விடுதியில் தங்கி, ரொட்டிக் கடையிலும் டிராம் வண்டியிலும் அந்தப் பாஷையிலேயே பேசிப் பழகித் திரும்புகிறார்கள். அயல்நாட்டாருக்கு ருஷ்ய பாஷை கற்பிப்பதற்கென்றே மாஸ்கோவில் புஷ்கின் பெயரால் ஒரு நிலையம் இருக்கிறது. 1966இல் ஏற்பட்டது. இதை ஏதோ புதிய முறை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பழைய சந்தை முறைதான். குருவின் ஸ்தானத்தில் ஒரு மனிதருக்குப் பதிலாக ஓர் ஊரே உட்கார்ந்திருக்கிறது; அவ்வளவுதான் வித்தியாசம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாம் அவர்களிடம் போவதற்கு வெகு காலத்துக்கு முன்பே அவர்களில் ஒருவர் நம்மிடம் வந்துவிட்டார். கெராசிம் லெபெடெவ் என்று அவருக்குப் பெயர். பிறந்தது 1749இல். தேவாலயத்தில் பாடும் குடும்பம். பிடில் வாசிப்பதில் கெட்டிக்காரர். ஐரோப்பாவெல்லாம் சுற்றிவிட்டு, 1785இல் சென்னைப் பட்டணத்துக்குக் கப்பலில் வந்து இறங்கினார். கோட்டையைச் சுற்றியிருந்த வெள்ளைக்காரர்களுக்குச் சங்கீதம் வாசித்தே காலத்தை ஓட்டியிருக்கலாம். எத்தனையோ பேர் அப்படித்தான் ஓட்டினார்கள். இவருக்கோ தெருவில் காதில் விழுந்த பேச்சின் மேல் ஆசை வந்துவிட்டது. இரண்டு வருஷம் இங்கே இருந்து தமிழ் கற்றார். அந்நாளில் ஐரோப்பியர் தமிழை 'மலபார் பாஷை' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு கல்கத்தாவுக்குப் போனார். அங்கே கோலோக்நாத் தாஸ் என்ற உபாத்தியாயர் அகப்பட்டார். இருவருக்கும் ஒரு பண்டமாற்று: தாஸ் வங்காளியும் ஸம்ஸ்கிருதமும் சொல்லிக் கொடுக்க வேண்டும், லெபெடெவ் ஐரோப்பியச் சங்கீதம் சொல்லிக் கொடுக்க வேண்டும். குருவும் சிஷ்யனும் தினம் இடம் மாறி உட்கார்ந்திருப்பார்கள்! ஓர் ஆங்கில நாடகத்தை லெபெடெவ் வங்காளியில் எழுதிப் படித்துக் காட்ட, 'மேடை போடுங்கள், நடிகர்களை நான் கொண்டு வருகிறேன்' என்று தாஸ் ஏற்றுக்கொண்டாராம். வங்காள ஆண்களும் பெண்களுமே நடிக்க, 1795 நவம்பர் 27ஆம் தேதி அந்த நாடகம் கல்கத்தாவில் அரங்கேறியது. நவீன வங்காள நாடக மேடையின் சரித்திரத்தை அந்த இரவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கொட்டகை நிலைக்கவில்லை, அவரும் கடன்பட்டு நொந்து கப்பலேறினார். ஆனால் கற்றதைக் கடலில் போட்டுவிடவில்லை. 1801இல் லண்டனில் இந்திய பாஷை ஒன்றுக்கு இலக்கணம் அச்சிட்டார். ருஷ்யாவுக்குத் திரும்பியதும் இந்திய எழுத்துக்களை வார்க்க அச்சுக்கூடம் வைத்தார்.

நூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து, மெர்வார்ட் தம்பதிகள் வந்தார்கள். 1914இல் பீட்டர்ஸ்பர்க் பொருட்காட்சிச் சாலைக்குச் சாமான்கள் சேகரிப்பதற்காக இலங்கைக்கு வந்து, பின்பு இந்தியாவுக்கும் வந்தார்கள். மகா யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த நான்கு வருஷமும் ஜனங்களோடு கலந்து பழகி நம் பாஷைகளைக் கற்றார்கள். ஊருக்குத் திரும்பிய அலெக்ஸாந்தர் மெர்வார்ட் லெனின்கிராடில் தமிழ் கற்பித்தார். 1929இல் ஒரு தமிழ் இலக்கணமும் வெளியிட்டார். அது என்ன இலக்கணம் என்பதுதான் ருசியான சமாசாரம்: பேச்சுத் தமிழின் இலக்கணம்! பேச்சுத் தமிழுக்கு இலக்கணம் உண்டென்றால் நம் பண்டிதர்கள் முகம் சுளித்த காலம் அது. ஏட்டில் கற்றவராயிருந்தால் ஏட்டுத் தமிழைத்தான் எழுதியிருப்பார். திண்ணையிலும் கடைத்தெருவிலும் கற்றவர், அங்கே கேட்டதை எழுதி வைத்தார். அடுத்த வருஷமே அரசியல் காற்றில் அகப்பட்டுக் கைதானார். 1932இல் கைதிகள் முகாமிலேயே உயிர் போயிற்று. புத்தகம் மிஞ்சியது.

நம்மவர்கள் எதிர்த் திசையில் கிளம்பியது அதற்கப்புறம். 1960இல் மாஸ்கோவில் மக்கள் நட்புறவு சர்வகலாசாலை தொடங்கியது. அங்கே போகிற அயல்நாட்டு மாணவனுக்கு முதல் வருஷம் ருஷ்ய பாஷைதான் பிரதான பாடம். வைத்தியமும் இஞ்சினீயரிங்கும் பிறகுதான். அதே நாட்களில் எங்கள் பக்கத்துக்கே ருஷ்யர்கள் வந்துவிட்டார்கள். விருத்தாசலத்தைத் தாண்டினால் நெய்வேலி. ஸோவியத் ஒத்துழைப்புடன் அங்கே அனல் மின் நிலையம் எழுந்தது. 1962இல் முதல் யந்திரம் ஓடத் தொடங்கி, பிற்பாடு 600 மெகாவாட் வரை வளர்ந்தது. 2020இல் அந்த நிலையத்தை மூடிவிட்டார்கள். பழுப்பு நிலக்கரிக்காக இருதரப்பாரும் தோளோடு தோள் நின்று வேலை செய்தார்கள். ஆனாலும் நடுவில் ஆங்கிலம் என்ற தரகர் பெரும்பாலும் நின்றுகொண்டிருந்தார்.

தரகு இல்லாமல் வியாபாரம் நடக்காது என்பீர்கள். சரி. ஆனால் தரகர் எதை எடுத்துக்கொள்கிறார் என்று ஒரு தடவை கணக்குப் பார்க்க வேண்டாமா?

'என்னிடம் புத்தகம் இருக்கிறது' என்கிறோம் நாம். ருஷ்யனும் 'உ மின்யா யேஸ்த் க்னீகா' என்கிறான். 'என்னிடம் இருக்கிறது புத்தகம்' என்று சொல்லுக்குச் சொல் அதுவேதான். 'எனக்குக் குளிர்கிறது' என்பதிலும் 'எனக்கு இருபது வயது' என்பதிலும் நமக்கு உள்ள 'எனக்கு' அவனுக்கும் உண்டு. 'இது வீடு' என்று நாம் இரண்டே வார்த்தையில் முடிக்கிற மாதிரி, 'எத்தா தோம்' என்று அவனும் முடித்துவிடுவான். ஆங்கிலேயனுக்குத்தான் நடுவில் ஒரு 'இஸ்' வேண்டும். நாம் பெயருக்கு முன்னால் தகப்பனார் பெயரின் எழுத்தைப் போடுகிறோம். அவன் தகப்பனார் பெயரைப் பின்னால் முழுதாகச் சேர்த்து மரியாதையாகக் கூப்பிடுகிறான்.

கதை படிக்கிறவர்களுக்கு இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ருஷ்யனுக்கு நம்மைப் போலவே 'நீ'யும் 'நீங்க'ளும் இருக்கின்றன. ஒரு ருஷ்ய நாவலில் கதாநாயகி அதுவரை 'நீங்கள்' என்று சொல்லி வந்தவனை ஓரிடத்தில் 'நீ' என்று சொல்லிவிட்டால், அங்கே ஒரு கதவு திறந்துகொண்டது என்று அர்த்தம். கோபத்தில் மறுபடி 'நீங்கள்' என்றால் கதவு சாத்தியாயிற்று. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'யூ'தான். அந்த வழியாக வந்த ருஷ்ய நாவலை நாம் தமிழில் படித்தபோது, நமக்குச் சொந்தமாகவே இருந்த ஒரு நயத்தைத் தரகரிடம் பறிகொடுத்துவிட்டு, மொழிபெயர்ப்பாளரின் ஊகத்தை நம்பியல்லவா படித்தோம்!

அதனால்தான் மாஸ்கோவிலேயே வாழ்ந்து, ருஷ்ய மூலத்திலிருந்து நேரே தமிழாக்கிய பூ. சோமசுந்தரம் போன்றவர்களை நான் நன்றியோடு நினைக்கிறேன். அவருடைய 'உண்மை மனிதனின் கதை'யைப் படித்தவர்களுக்கு இரண்டு பாஷைகளுக்கும் நடுவே வேறு யாரும் நிற்கவில்லை. அந்தப் பக்கத்தில் அலெக்ஸாந்தர் துபியான்ஸ்கி அப்படி ஒருவர். மாஸ்கோவில் தமிழ் படித்ததோடு திருப்தியடையாமல், 1978இல் சென்னைச் சர்வகலாசாலைக்கே வந்து தமிழர் நடுவில் இருந்து படித்தார். பல்லாண்டு மாஸ்கோவில் தமிழ் கற்பித்து, 2020இல் பெருந்தொற்றுக்குப் பலியானார்.

கோடையில் கிளம்புகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். கம்பளியை எடுத்துக்கொண்டு போங்கள். ஆங்கிலத்தைப் பெட்டியில் பூட்டிவிட்டுப் போங்கள். முதல் பத்து நாள் ஊமையாக நிற்க நேரும். ரொட்டிக்காரி சிரிப்பாள். சிரிக்கட்டும். படித்தவன் என்ற கௌரவத்தை அந்தக் கடை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டால், அவளே திருத்திச் சொல்லிக் கொடுப்பாள்.