மடிக்கணினியின் நினைவகமும் சேமிப்பகமும்: பயனரே மாற்றிக்கொண்ட வரலாறு

மடிக்கணினி ஒன்றின் தற்காலிக நினைவகத்தையும் (ராம்) நிலையான சேமிப்பகத்தையும் அதன் உரிமையாளரே கழற்றி, கூடுதல் கொள்ளளவு அல்லது வேகம் உடையவற்றைப் பொருத்திக்கொள்வது ஏறத்தாழ 1990களிலிருந்து பரவலாக இருந்துவரும் வழக்கமாகும். சிறிய திருப்புளி ஒன்றும் அரை மணி நேரமும் இருந்தால் போதும். ஐந்தாறு ஆண்டு பழைய கணினிக்கு இன்னும் சில ஆண்டு ஆயுள் கிடைத்துவிடும். இது இயல்பாக அமைந்த வசதி அன்று. உற்பத்தி நிறுவனங்கள் பொதுவான அளவுகளை ஏற்றுக்கொண்ட காலத்தில் பிறந்து, அவற்றைக் கைவிட்டபோது சுருங்கிய வசதி. அந்த ஏற்ற இறக்கத்தை இக்கட்டுரை விவரிக்கிறது.

தொடக்கக் காலம்

1985இல் வெளிவந்த தோசிபா டி1100, தொடக்ககால மடிக்கணினிகளுள் குறிப்பிடத்தக்கது. அதில் வன்தட்டு கிடையாது, 3.5 அங்குல நெகிழ்தட்டே சேமிப்பகம். 1986இல் வந்த ஐபிஎம் பிசி கன்வர்டிபிளும் நெகிழ்தட்டுகளையே நம்பியிருந்தது. அன்றைய கணினிகளில் நினைவகத்தைக் கூட்ட முடிந்தாலும், அதற்கான அட்டை ஒவ்வொரு நிறுவனத்துக்கும், சில வேளை ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்தனியாக இருந்தது. ஒரு நிறுவனத்தின் அட்டை இன்னொன்றின் கணினியில் பொருந்தாது. எனவே விற்றவரிடமே, அவர் சொன்ன விலைக்கே வாங்க வேண்டியிருந்தது.

பொது அளவுகளின் வருகை

இந்த நிலையை இரண்டு பொது அளவுகள் மாற்றின. முதலாவது 2.5 அங்குல வன்தட்டு. 1988இல் பிரெய்ரிடெக் நிறுவனம் 20 மெகாபைட் கொள்ளளவுடன் இதனை அறிமுகப்படுத்தியது. 69.85 மி.மீ. அகலமும் ஏறத்தாழ 100 மி.மீ. நீளமும் கொண்ட இந்த வடிவத்தை மற்ற நிறுவனங்களும் பின்பற்றின. தடிமன் மட்டும் 12.5, 9.5, 7 மி.மீ. எனக் குறைந்துகொண்டே வந்தது.

இரண்டாவது எஸ்ஓ-டிம் எனப்படும் சிறிய நினைவக அட்டை. மேசைக்கணினி அட்டையின் நீளத்தில் ஏறத்தாழ பாதியான 67.6 மி.மீ. நீளமுள்ள இதன் அமைப்பை, குறைக்கடத்தித் துறையின் தர அமைப்பான ஜெடெக் வரையறுத்தது. டிடிஆர், டிடிஆர்2 வகைகளில் 200 முனைகள், டிடிஆர்3இல் 204, டிடிஆர்4இல் 260, டிடிஆர்5இல் 262 என முனைகளின் எண்ணிக்கை தலைமுறைதோறும் மாறியது. ஒரு தலைமுறையின் அட்டையை மற்றொன்றின் செருகுவாயில் தவறிப்போய்ச் செருகிவிடாதபடி வெட்டுப்பள்ளத்தின் இடமும் முனை அமைப்பும் மாற்றப்பட்டன. ஆனால் ஒரே தலைமுறைக்குள் எந்த நிறுவனத்தின் அட்டையும் பெரும்பாலும் எந்தக் கணினியிலும் பொருந்தியது.

இதனால் மடிக்கணினியின் அடிப்புறத்தில் நினைவகத்துக்கு ஒரு சிறு மூடி, வன்தட்டுக்கு ஒரு சிறு மூடி என வைப்பது வழக்கமாயிற்று. ஐபிஎம், தன் திங்க்பேட் வரிசைக்கான பழுதுபார்ப்புக் கையேடுகளை எவரும் படிக்கும்படி வெளியிட்டது. அவ்வரிசையை வாங்கிய லெனோவோவும் அதனைத் தொடர்ந்தது.

சுழலும் தட்டிலிருந்து திண்மநிலைக்கு

நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் வன்தட்டில், தேவையான தரவு படிப்புமுனையின் கீழ் வந்து சேர அரைச்சுற்று அளவில் சராசரியாக 5.6 மில்லிநொடி ஆகும். முனை சரியான தடத்துக்கு நகரும் நேரம் இதற்கு மேல். செயலி எவ்வளவு வேகமானாலும் இந்தக் காத்திருப்பு குறையாது. நினைவகம் போதாதபோது இயங்குதளம் தரவின் ஒரு பகுதியை வன்தட்டுக்கு மாற்றி மாற்றி எழுதும். அப்போது கணினி ஏறக்குறைய உறைந்தே போகும். பழைய கணினி மந்தமாக இருப்பதற்கு இவ்விரண்டும் சேர்ந்ததே பெரும்பாலும் காரணம்.

இதற்கான தீர்வு தோசிபாவில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகாவின் பிளாஷ் நினைவகத்திலிருந்து வந்தது. அவர் 1984இலும், அதன் நான்ட் வகையை 1987இலும் உலகுக்கு அறிவித்தார். 1991இல் சன்டிஸ்க் நிறுவனம் (இன்றைய சான்டிஸ்க்) 20 மெகாபைட் திண்மநிலை இயக்ககம் ஒன்றை ஐபிஎம்முக்கு வழங்கியது; அதன் விலை ஏறத்தாழ 1,000 டாலர். சாதாரணப் பயனருக்கு அது எட்டாக்கனி. 2008 செப்டம்பரில் இன்டெல் வெளியிட்ட எக்ஸ்25-எம், 80 ஜிபி கொள்ளளவுடன் 595 டாலருக்கு வந்தபோதுதான் நிலைமை மாறத் தொடங்கியது.

இங்கேதான் பொது அளவின் பயன் முழுமையாக வெளிப்பட்டது. புதிய இயக்ககங்கள் 2.5 அங்குல வடிவத்திலும் சாட்டா இணைப்பிலும் வந்தன. எனவே திண்மநிலை இயக்ககத்தைக் கனவிலும் எண்ணாமல் வடிவமைக்கப்பட்ட மடிக்கணினியிலும் அது அப்படியே பொருந்தியது. தேடல் நேரம் மில்லிநொடிகளிலிருந்து பத்தில் ஒரு மில்லிநொடி அளவுக்குக் குறைந்தது.

மாற்றும் முறை

முதலில் கணினியின் மாதிரி எண்ணைக் கொண்டு நினைவகத்தின் தலைமுறையையும் உச்ச வரம்பையும் அறிய வேண்டும். டிடிஆர்3 1.5 வோல்ட்டிலும், டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டிலும் இயங்குவன; குறைந்த மின்னழுத்தம் மட்டுமே ஏற்கும் கணினியில் முன்னது வேலை செய்யாது. மென்பொருளுக்கும் வரம்பு உண்டு. 32 பிட் விண்டோஸ் 7 பதிப்புகள் 4 ஜிபிக்கு மேலும், அதன் ஸ்டார்டர் பதிப்பு 2 ஜிபிக்கு மேலும் நினைவகத்தைப் பயன்படுத்துவதில்லை. எம்.2 செருகுவாய் உள்ள கணினியானால், அது சாட்டா வகையை ஏற்குமா, என்விஎம்இ வகையை ஏற்குமா என்பதையும் பார்க்க வேண்டும். வடிவம் ஒன்றாயினும் இரண்டும் வேறு.

அடுத்தது தரவின் காப்பு நகல். இதனைத் தவிர்த்தவர்கள் இழப்பது கணினியை அன்று, அதிலுள்ள படங்களையும் ஆவணங்களையும். பிறகு பழைய தட்டின் உள்ளடக்கத்தை யூஎஸ்பி இணைப்பி வழியாகப் புதிய இயக்ககத்துக்கு அப்படியே படியெடுக்கலாம். அல்லது இயங்குதளத்தைப் புதிதாக நிறுவலாம்.

திறப்பதற்கு முன் மின்னேற்றியை அகற்றி, மின்கலத்தையும் கழற்ற வேண்டும். மின்கலம் உள்ளே இருந்தால் மூடியைத் திறந்ததும் முதலில் அதன் இணைப்பைப் பிரிக்க வேண்டும். உடலில் தேங்கிய நிலைமின்னை உலோகப் பரப்பைத் தொட்டு நீக்கிக்கொள்வது நல்லது. நினைவக அட்டையைச் சாய்வாகச் செருகி, இருபுறக் கொக்கிகளும் பிடிக்கும் வரை கீழே அழுத்த வேண்டும். இயக்கியதும் பயாஸ் திரையில் புதிய கொள்ளளவு தெரிந்தால் பணி முடிந்தது. கழற்றிய வன்தட்டை ஓர் உறையில் இட்டு வெளிச் சேமிப்பகமாக வைத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டுத் தொடர்பு

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த இக்கணினிகள் அடுத்த ஆண்டுகளில் லட்சக்கணக்கான வீடுகளைச் சென்றடைந்தன. பல குடும்பங்களுக்கு அதுவே முதல் கணினி. செருகத்தக்க நினைவகமும் 2.5 அங்குலத் தட்டும் பரவலாக இருந்த காலம் அது. பள்ளியில் பெற்ற கணினி கல்லூரியின் இறுதியாண்டு வரை உழைக்குமா என்பது, புதிய கணினி வாங்க இயலாத வீட்டில் சிறிய கேள்வி அன்று. சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய ஓர் அட்டையும் ஓர் இயக்ககமும் அதற்கு விடையாக அமைய முடிந்தது என்றால், அதற்குக் காரணம் அந்தப் பொது அளவுகளே.

மூடப்பட்ட பெட்டி

எதிர்த்திசை மாற்றம் 2008 ஜனவரியில் ஆப்பிள் அறிமுகப்படுத்திய மேக்புக் ஏரில் தெளிவாகத் தெரிந்தது. அதன் 2 ஜிபி நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. 2012 ஜூனில் வந்த ரெட்டினா மேக்புக் ப்ரோவில் நினைவகம் பற்றவைக்கப்பட்டு, மின்கலம் ஒட்டப்பட்டிருந்தது; பழுதுபார்ப்பு வழிகாட்டித் தளமான ஐஃபிக்ஸிட் அதற்குப் பத்தில் ஒரு மதிப்பெண்ணே கொடுத்தது. அதே ஆண்டில் வெளியான ரெட்டினா அல்லாத 13 அங்குல மாதிரியிலோ இரண்டு நினைவகச் செருகுவாய்களும் 2.5 அங்குலத் தட்டும் இருந்தன. ஆப்பிள் அறிவித்த வரம்பு 8 ஜிபி. பயனர்கள் 16 ஜிபி பொருத்தியும் அது இயங்கியது. அந்த மாதிரி 2016 வரை விற்பனையில் இருந்தது.

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் உண்டு. குறைந்த மின்சாரத்தில் வேகமாக இயங்கும் எல்பிடிடிஆர் நினைவகம், செயலிக்கு மிக அருகில் பற்றவைக்கப்படும் வகையில் உருவானது. அதனால் கணினி மெலிந்தது, மின்கலம் நீடித்தது. ஆனால் வாங்கும் நாளில் தேர்ந்த கொள்ளளவே கடைசிவரை நிலைத்தது. ஒரு நினைவகச் சில்லு பழுதானால் முழுத் தாய்ப்பலகையையும் மாற்றும் நிலை வந்தது.

மீண்டும் ஒரு திறப்பு

2021இல் அமெரிக்காவின் ஃபிரேம்வொர்க் நிறுவனம், பெரும்பாலான பாகங்களைப் பயனரே மாற்றத்தக்க மடிக்கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டெல் நிறுவனம் 2022இல் பயன்படுத்திய காம் என்னும் மெல்லிய நினைவக அட்டையின் அடிப்படையில், 2023 டிசம்பரில் ஜெடெக் காம்2 தரத்தை வெளியிட்டது. எல்பிடிடிஆர் வகையையும் கழற்றி மாட்ட இது வழி செய்கிறது. எனினும் 2025இல் ஃபிரேம்வொர்க் அறிவித்த மேசைக்கணினியிலேயே நினைவகம் பற்றவைக்கப்பட்டிருந்தது. வேகத்துக்கும் மாற்றத்தக்க தன்மைக்கும் இடையிலான இழுபறி ஓயவில்லை.

வன்பொருளை மாற்றிவிட்டால் மட்டும் ஆயுள் உறுதியாகிவிடுவதும் இல்லை. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லையும் குறிப்பிட்ட செயலிகளையும் கோருவதால், நினைவகம் கூட்டப்பட்டு நன்றாக இயங்கும் பல கணினிகள் அதன் பட்டியலில் இல்லை. அவற்றுக்கு லினக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளங்களே வழி. ஒரு கணினி எப்போது பழையதாகிறது என்பதை அதன் உரிமையாளர் முடிவு செய்வதா, அதைச் செய்தவர் முடிவு செய்வதா என்பதே இந்த வரலாறு முழுவதும் நிகழ்ந்துவரும் வழக்கு. அடிப்புறத்தில் இருந்த அந்தச் சிறு மூடி, உரிமையாளர் பக்கம் நின்ற சாட்சி.