சோசின் நீர்த்தேக்கப் போர்

கொரியப் போரின்போது 1950 நவம்பர் 27 முதல் டிசம்பர் 13 வரை, வட கொரியாவின் மலைப்பகுதியில் ஐ.நா. படைகளும் சீனப் படைகளும் மோதிய போர். கொரியர்கள் சாங்ஜின் என்றழைக்கும் ஏரிக்கு ஜப்பானிய வரைபடங்கள் இட்ட பெயர் சோசின். அமெரிக்கத் தரைப்படையினரும் மரைன் படையினரும் 20ஆம் நூற்றாண்டில் பட்ட மிகக் கொடிய துயரங்களுள் இதுவும் ஒன்று.

பின்னணி

இஞ்சோன் துறைமுகத்தில் தரையிறங்கி வென்ற பின், சீன எல்லையிலுள்ள யாலு ஆறுவரை விரைந்து முன்னேறுமாறு ஐ.நா. படைத்தலைவர் டக்ளஸ் மெக்கார்தர் ஆணையிட்டார். முதலாம் மரைன் டிவிஷனின் தளபதி ஆலிவர் ஸ்மித் அவசரப்படவில்லை. ஒற்றை மலைச்சாலையை நம்பியிருந்த தம் படையைச் சிதறவிடாமல் நிதானமாக நகர்த்தினார். வழியில் உணவும் தோட்டாவும் சேர்த்துவைத்தார். ஏரியின் தென்முனையிலுள்ள ஹகாரு-ரியில் விமான ஓடுதளம் அமைக்கச் செய்தார். பின்னர் காயமுற்ற 4,000-க்கும் மேற்பட்டோரை விமானத்தில் ஏற்றி அனுப்ப முடிந்தது இந்த முன்யோசனையால்தான்.

குளிரும் முற்றுகையும்

சுமார் 30,000 பேர் கொண்ட ஐ.நா. படையை, சுங் ஷிலுன் தலைமையில் ஏறத்தாழ 1,20,000 சீனர்கள் சூழ்ந்தனர். இரவில் குளிர் மைனஸ் 30 பாகை செல்சியசுக்கும் கீழே போனது. கார்பைன் துப்பாக்கிகள் இறுகிப்போயின. காயமுற்றோருக்கு ஏற்ற வேண்டிய பிளாஸ்மா உறைந்தது. மருத்துவ உதவியாளர்கள் மார்பின் மருந்துக்குழல்களை வாயில் அடக்கி இளக்கியே ஊசி போட்டனர். டின் உணவு கல்லாகிவிட, வாயில் கரையும் டூட்ஸி ரோல் மிட்டாய் பலரின் பசியைத் தணித்தது. மெல்லிய பஞ்சு உடையோடு வந்த சீன வீரர்களின் துன்பம் இதனினும் பெரிது. பதுங்கிய இடத்திலேயே விறைத்து இறந்தவர் பலர்.

கீழ்க்கரை

ஏரியின் கிழக்குக் கரையில் இருந்தவர்கள் தரைப்படையின் 31ஆம் படைப்பிரிவினர், தென் கொரிய வீரர்கள் உட்பட சுமார் 3,000 பேர். கர்னல் ஆலன் மெக்லீனும், அவரையடுத்துப் பொறுப்பேற்ற டான் ஃபெய்த்தும் மாண்டனர். காயமுற்றோரை ஏற்றிய லாரிகள் வழியிலேயே சிக்கிக்கொண்டன. உறைந்த ஏரியின்மேல் நடந்தும் தவழ்ந்தும் தப்பியவர்களுள் மீண்டும் போரிடும் நிலையில் இருந்தோர் 385 பேர் மட்டுமே.

பின்வாங்கல்

ஐ.நா. படை கடற்கரை நோக்கிப் பின்வாங்கிய வழியில் சீனர்கள் தகர்த்த பாலத்துக்கு மாற்றாக, எஃகுப் பாலத்தின் பகுதிகள் பாராசூட்டில் இறக்கப்பட்டன. ஹங்னாம் துறைமுகத்திலிருந்து டிசம்பர் 24-க்குள் படையினரோடு கிட்டத்தட்ட 1 லட்சம் கொரிய அகதிகளும் வெளியேறினர். மெரிடித் விக்டரி என்னும் ஒரே சரக்குக் கப்பல் ஏறக்குறைய 14,000 பேரைச் சுமந்தது.

பின்விளைவு

மரைன் டிவிஷனுக்கு விரைவிலேயே அமெரிக்க அதிபரின் பாராட்டு கிடைத்தது. கீழ்க்கரை வீரர்களோ தோற்று ஓடியவர்கள் என்ற பழியைப் பல்லாண்டு சுமந்தனர். அவர்கள் அங்கே தடுத்து நின்றதால்தான் ஹகாரு-ரி காக்கப்பட்டது எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. அதே பாராட்டு அவர்களுக்கும் 1999இல் வழங்கப்பட்டது. அரை நூற்றாண்டு தாமதமானாலும் அது அவர்களுக்கு உரிய நீதி.