ஓய்வுபெற்ற கிரேஹவுண்டின் பற்கள்: மயக்க மருந்து பற்றிய அச்சமும் இரத்தக்கசிவு பற்றிய அசட்டையும்

லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ‘வெட்காம்பஸ்’ திட்டம், பிரிட்டனில் 2016ஆம் ஆண்டில் பொதுக் கால்நடை மருத்துவமனைகளின் பராமரிப்பில் இருந்த கிரேஹவுண்ட் நாய்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. அந்தத் தரவுத் தொகுப்பில் இருந்த கிரேஹவுண்டுகள் 5,419. ஓட்டத்துக்கென்றே வளர்க்கப்படும் இனம் என்பதால் கால்முறிவோ மூட்டுவாதமோ முதலிடம் பிடித்திருக்கும் என்றுதான் எவரும் எண்ணுவர். பதிவுகள் காட்டியது வேறு. ஈறையும் பல்லைத் தாங்கும் எலும்பையும் அரிக்கும் பல்சூழ் திசு நோய் 39 விழுக்காடு நாய்களிடம் காணப்பட்டது. அடுத்து வந்த நகம் மிகையாக வளரும் குறை 11 விழுக்காட்டைத்தான் எட்டியது. மூட்டுவாதம் 5 விழுக்காட்டையும் தொடவில்லை.

இதே திட்டம் எல்லா இன நாய்களையும் சேர்த்து 2021இல் வெளியிட்ட ஆய்வில் 22,333 நாய்கள் இடம்பெற்றன. அவற்றில் ஓராண்டுக்குள் இந்த நோய் பதிவானவை 12.5 விழுக்காடு. உடல் சிறுக்கச் சிறுக்க நோய் வாய்ப்பு கூடுகிறது என்பது கால்நடைப் பல் மருத்துவத்தில் பழைய செய்தி. சிறிய தாடையில் பற்கள் நெருக்கியடித்து நிற்பது அதற்கு ஒரு காரணம். ஆகவே டாய் பூடில், கிங் சார்லஸ் ஸ்பானியல் போன்ற மடிநாய்கள் பட்டியலின் மேலே இருப்பதில் வியப்பில்லை. 30 கிலோ எடையும் நீண்ட தாடையும் கொண்ட கிரேஹவுண்ட் அவற்றோடு தோளுரசி நிற்பதுதான் வியப்பு. கலப்பின நாய்களோடு ஒப்பிட்டால் அதற்கு நோய் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கு. இந்த எண்களும் குறைமதிப்பீடுகளே என்பது என் கருத்து. விழித்திருக்கும் நாயின் உதட்டைத் தூக்கிப் பார்த்து எழுதிய குறிப்புகளில், ஈறுக்குக் கீழே நடக்கும் அழிவு எப்படிப் பதிவாகும்?

இந்தக் கட்டுரை நிறுவ முயல்வது ஒன்றே. ஓய்வுபெற்ற கிரேஹவுண்டின் பல் சிகிச்சையைத் தள்ளிப்போட வைப்பது மயக்க மருந்து பற்றிய ஓர் அச்சம். அந்த அச்சத்தைப் பிறப்பித்த மருந்தின் காலம் முடிந்துவிட்டது. உண்மையான ஆபத்து அறுவை மேசையைவிட்டு நகர்ந்து, வீட்டில் கழியும் இரண்டாம் மூன்றாம் நாளில் இருக்கிறது. அங்கே யாரும் காவல் நிற்பதில்லை.

முதலில் நோய் எப்படி முற்றுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். துலக்கிய பல்லின்மேல் ஒரு நாளுக்குள் நுண்ணுயிர்ப் படலம் படிகிறது. நாயின் உமிழ்நீர் நம்முடையதைவிடக் காரத்தன்மை மிக்கது. அதனால் நாய்க்குச் சொத்தை விழுவது அரிது, ஆனால் அந்தப் படலம் இரண்டு மூன்று நாளில் பற்காரையாக இறுகிவிடுகிறது. ஈறு வீங்குவது முதல் கட்டம், துலக்கினால் ஆறிவிடும். படலம் ஈறுக்கடியில் இறங்கி, எலும்பு கரையத் தொடங்கிய பிறகு இழந்தது திரும்பாது. மினியேச்சர் ஷ்னாசர் நாய்கள் 52ஐப் பல் துலக்காமல் 60 வாரம் கண்காணித்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. அந்தக் குறுகிய காலத்துக்குள் 35 நாய்களுக்குக் குறைந்தது 12 பற்களிலாவது எலும்புச் சிதைவின் தொடக்கநிலை தென்பட்டது. அதுவே ஒரு பந்தய நாயாக இருந்தால்? பிரிட்டனில் ஓடும் கிரேஹவுண்டுகளில் பெரும்பான்மை அயர்லாந்தில் பிறந்தவை. ஏறக்குறைய ஒன்றேகால் வயதில் தடத்தில் இறங்கி, பொதுவாக 3 முதல் 5 வயதுக்குள் ஓய்வுபெறுபவை. தத்தெடுக்கும் வீட்டுக்கு வரும்போது அந்த வாய் கடந்துவந்திருப்பது 60 வாரமன்று, அதைப்போல் மும்மடங்கு.

குற்றம் யாருடையது என்ற வழக்கு இங்கேதான் தொடங்குகிறது. நாய்களை மீட்டு வீடு தேடித்தரும் அறநிறுவனங்களைச் சேர்ந்தோர் பந்தயக் கொட்டடியைக் காட்டுகிறார்கள்: குழம்பில் ஊறிய கூழ் உணவு, துலக்காத பற்கள், அடைபட்ட சலிப்பில் கம்பியைக் கடித்துக் கடித்துத் தேய்ந்த கோரைப்பற்கள். பந்தயத் தரப்பினர் இனத்தின் பிறவிக் குறை என்கிறார்கள். வெட்காம்பஸ் எண்களை இரு தரப்பும் தமக்குச் சாதகமாக எடுத்தாளுகின்றன, இரண்டுமே தவறு. பிரிட்டனில் வீடுகளில் இருக்கும் கிரேஹவுண்டுகள் ஏறக்குறைய எல்லாமே பந்தயத்துக்காக இனவிருத்தி செய்யப்பட்டவை. கண்காட்சிக்கென வளர்க்கப்படுபவை மிகச் சொற்பம். பிறவியும் வளர்ப்பும் ஒரே நாய்க்குள் பின்னிக்கிடக்கும் தரவிலிருந்து இரண்டையும் பிரித்தெடுக்க எந்தக் கணக்குமுறையாலும் ஆகாது. பிறவிக் குறை என்றே வைத்துக்கொண்டாலும் அது பயிற்சியாளரின் பொறுப்பைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. ஈறு பலவீனமான இனம் என்று தெரிந்திருந்தால், குட்டிப் பருவத்திலேயே தூரிகையை எடுத்திருக்க வேண்டும்.

இனி அந்த அச்சம். ‘கிரேஹவுண்டுக்கு மயக்க மருந்து ஆகாது’ என்ற பேச்சு வெறும் புரளியில் பிறந்ததன்று. தயோபென்டல் என்னும் பார்பிட்யூரேட் மருந்து நாய்களை மயக்கப் பரவலாகப் பயன்பட்ட காலத்தில், கலப்பின நாய்கள் எழுந்து நின்ற பிறகும் கிரேஹவுண்டுகள் மணிக்கணக்கில் தள்ளாடிக் கிடந்தன. கொழுப்பில்லாத உடல், மருந்தைச் சேர்த்துவைக்க இடமில்லை என்பது அன்றைய விளக்கம். 1980களில் சாம்ஸ், மியூர் முதலியோர் செய்த ஆய்வுகள் அதை அசைத்தன. கல்லீரல் நொதிகளைத் தூண்டும் ஃபீனோபார்பிடலை முன்கூட்டிக் கொடுத்த கிரேஹவுண்டுகள் தயோபென்டலிலிருந்து விரைவாக மீண்டன. அவற்றின் கொழுப்பு அப்படியேதான் இருந்தது. மாறியது கல்லீரலின் வேகம். பின்னர் மைக்கேல் கோர்ட்டும் உடன் ஆய்வாளர்களும் இந்த வேகக் குறைவின் காரணத்தைச் சைட்டோகுரோம் 2பி11 என்னும் நொதிவரை துரத்திச் சென்று, அந்த நொதிக்குரிய மரபணுவில் உள்ள வேறுபாடுகளை 2020இல் விவரித்தனர்.

ஆக, கிரேஹவுண்டுக்கு ஆகாதது மயக்கம் என்ற நிலை அன்று. குறிப்பிட்ட ஒரு நொதியால் சிதைக்கப்படும் சில மருந்துகள்தாம் அதன் உடலில் தேங்குகின்றன. தயோபென்டல் இன்று பெரும்பாலான நாடுகளில் நாய்ச் சிகிச்சையிலிருந்து விலகிவிட்டது. அதன் இடத்தில் வந்த புரோபோஃபாலையும் கிரேஹவுண்ட் சற்று மெதுவாகத்தான் கழிக்கிறது என்றாலும், மெல்ல மெல்ல அளந்து ஏற்றி, குழாய்வழி மயக்க வாயுவுக்கு மாறும் மருத்துவருக்கு அது பெரிய இடரில்லை. மெல்லிய தோலும் குறைந்த கொழுப்பும் கொண்ட உடல் மேசையில் விரைவாகக் குளிர்ந்துபோகும் என்பதில்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

அச்சத்துக்குத் துணைபோகும் இன்னொன்றும் உண்டு. இந்த இனத்தின் இரத்தப் பரிசோதனை எண்களே வேறு. சிவப்பணு விகிதம் மற்ற நாய்களைவிட உயர்வு, தட்டணுக்கள் குறைவு, கிரியாட்டினின் சற்றுக் கூடுதல், தைராக்சின் குறைவு. பொது நாய்களுக்கான அளவுகோலை வைத்து இந்தத் தாளைப் படிப்பவர் சிறுநீரகக் கோளாறு என்றோ தட்டணுக் குறை என்றோ முடிவு கட்டி, பல் சிகிச்சையை ஒத்திவைத்துவிட முடியும். நோயில்லாத நாய்க்கு நோய்ப்பெயர் சூட்டி, உள்ள நோயை வளரவிடும் வேலை இது.

தேவையில்லாத இடத்தில் இவ்வளவு எச்சரிக்கை. தேவைப்படும் இடத்தில் அசட்டை. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கில்லர்மோ கூட்டோவின் குழுவினர், கருத்தடை அறுவை செய்துகொண்ட ஓய்வுபெற்ற பந்தய கிரேஹவுண்டுகள் 88ஐப் பின்தொடர்ந்து 2008இல் முடிவை வெளியிட்டனர். 26 விழுக்காடு நாய்களுக்கு இரத்தக்கசிவு ஏற்பட்டது. அறுவையின்போது எந்தச் சிக்கலும் இல்லை. கசிவு தொடங்கியது 36 முதல் 48 மணி நேரம் கழித்து. வழக்கமான உறைதல் பரிசோதனைகள் எதுவும் இந்த நாய்களை முன்கூட்டிப் பிரித்துக் காட்டவில்லை. இரத்தக் கட்டி கரைவதைத் தடுக்கும் ஆன்ட்டிபிளாஸ்மின் செயல்பாடுதான் கசிவு ஏற்பட்ட நாய்களில் குறைந்திருந்தது. அதாவது இரத்தம் ஒழுங்காகவே உறைகிறது. உறைந்த கட்டி காலத்துக்கு முன்பே கரைந்துவிடுகிறது. அதே குழுவினர் 2012இல் 100 நாய்களில் செய்த சோதனையில், கட்டி கரைவதைத் தடுக்கும் எப்சிலான் அமினோகேப்ரோயிக் அமிலம் பெற்ற 50 நாய்களில் 5க்கும், வெற்று மருந்து பெற்ற 50 நாய்களில் 15க்கும் கசிவு ஏற்பட்டது.

இவை கருத்தடை அறுவைகள், பல் பிடுங்கலோடு இவற்றை ஒப்பிடலாமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் வாய், உறைந்த கட்டிக்கு உகந்த இடமன்று. மனிதப் பல் மருத்துவத்தில் இரத்த ஒழுக்கு நோயாளிகளுக்குப் பல் பிடுங்கியபின் டிரானெக்சாமிக் அமிலத்தால் வாய் கொப்பளிக்கச் சொல்வது உமிழ்நீரே கட்டியைக் கரைக்கும் தன்மை உடையது என்பதால்தான். கரைக்கும் போக்கு பிறவியிலேயே கூடிய நாய்க்கு, கரைக்கும் உமிழ்நீர் நிறைந்த வாயில், ஒரே நாளில் 10 அல்லது 15 பற்குழிகள் திறக்கப்படுகின்றன. ஆபத்து இங்கே குறைவு என்று வாதிடுபவர்தான் சான்று காட்ட வேண்டும். பல பற்களைப் பிடுங்கப்போகும் கிரேஹவுண்டுக்கு டிரானெக்சாமிக் அமிலமோ அமினோகேப்ரோயிக் அமிலமோ முன்கூட்டித் தொடங்கிச் சில நாள் தொடர்வது பற்றி மருத்துவரிடம் உரிமையாளர் கேட்டே ஆக வேண்டும்.

அறுவையைப் பற்றிச் சில சொல். நாய்க்கு நிலைப்பற்கள் 42. மேல்தாடையின் நான்காம் முன்கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வேர்கள். அதை அப்படியே இழுத்தெடுக்க இயலாது. ஈறைத் திறந்து, எலும்பைச் சிறிது சீவி, பல்லை மூன்றாகப் பிளந்து, ஒவ்வொரு வேராக நெம்பி எடுத்து, கரையும் நூலால் தைக்க வேண்டும். கீழ்க் கோரைப்பல்லின் வேர் தாடையெலும்பின் பெரும்பகுதியை நிறைத்திருப்பதால், எலும்பு ஏற்கெனவே அரிக்கப்பட்ட நாயில் அவசரக் கை தாடையையே முறித்துவிடும். எதை எடுப்பது, எதை விடுவது என்று வெறும் கண்ணால் முடிவு செய்யவும் கூடாது. ஃபெர்ஸ்ட்ராட்டும் சகாக்களும் 226 நாய்களின் முழுவாய் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து 1998இல் எழுதியதன்படி, வெளியே குறையே தெரியாத பற்களைப் படமெடுத்தபோதும் 27.8 விழுக்காடு நாய்களில் சிகிச்சைக்குரிய செய்தி கிடைத்தது. மயக்கமின்றிக் காரையைச் சுரண்டும் சேவைகளை உலகச் சிறுவிலங்குக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் பல் வழிகாட்டி ஏற்க மறுப்பதும் இதனால்தான். பல் வெளுக்கும், உரிமையாளர் மகிழ்வார், ஈறுக்கடியில் எலும்பு கரைந்துகொண்டே இருக்கும்.

வீட்டுப் பராமரிப்புக்கு வருவோம். முதல் இரவில் நாய் முனகுவதும், நிலைகொள்ளாமல் சுற்றிவருவதும் பெரும்பாலும் வலிநிவாரணி மருந்தின் விளைவு, கலங்க வேண்டியதில்லை. எச்சில் இளஞ்சிவப்பாக இருப்பதும் இயல்பே. உரிமையாளர் விழித்திருக்க வேண்டிய நேரம் அடுத்த நாள் இரவிலிருந்து அதற்கு மறுநாள்வரை. படுக்கை விரிப்பில் புதுச் சிவப்புக் கறை, அடிக்கடி விழுங்குவது, தாடையடியிலோ கழுத்திலோ புதிதாகத் தோன்றும் நீலக் கன்றல், வெளிறிய ஈறு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அதனால் வெள்ளிக்கிழமையில் இந்த அறுவையை வைத்துக்கொள்ளாதிருப்பது நலம். மருத்துவமனை மூடிக்கிடக்கும் ஞாயிற்றுக்கிழமையில் கசிவு தொடங்கும். மருத்துவர் தந்த மெலாக்சிகாம் போன்ற மருந்தை அளவு தவறாமல் கொடுக்கலாம். நம் அலமாரியில் இருக்கும் ஐபுபுரோஃபென் நாய்க்கு நஞ்சு.

இரண்டு வாரம் மென்மையான உணவு. கடிக்கும் பொம்மை கூடாது. தையல் ஆறியதை மருத்துவர் பார்த்த பிறகு, எஞ்சிய பற்களை நாள்தோறும் துலக்கத் தொடங்க வேண்டும். நாய்களுக்கான பற்பசையையே பயன்படுத்துக. நம்முடையதில் சைலிடால் இருந்தால் அது நாயின் உயிருக்கே ஆபத்து. மான்கொம்பு, வெந்த எலும்பு முதலியவை கடினமானவை, எஞ்சிய கடைவாய்ப்பல்லையும் பிளப்பவை. எல்லாப் பல்லும் போனால் எப்படித் தின்னும் என்ற கவலைக்கு இடமில்லை. நாய் உணவை மெல்வதைவிட விழுங்குவதே அதிகம். வலிக்கும் பல் போன பிறகு பல நாய்கள் முன்னைவிட நன்றாகவே சாப்பிடுகின்றன. கோரைப்பல் போன நாயின் நாக்கு பக்கவாட்டில் தொங்கும்; பார்ப்பவர் சிரிப்பார்கள், நாய்க்கு நட்டமில்லை.

இதற்கெல்லாம் செலவு யாருடையது? கிரேட் பிரிட்டன் கிரேஹவுண்ட் வாரியம் 2020இல் தொடங்கிய ஓய்வுத் திட்டத்தில், உரிமையாளரும் வாரியமும் சேர்ந்து ஒரு நாய்க்கு 400 பவுண்டு வைப்பாகச் செலுத்தி, ஓய்வின்போது அதை மறுவாழ்வு மையத்துக்குக் கொடுக்கும் ஏற்பாடு உருவானது. நல்ல தொடக்கம், ஆனால் கொட்டடிச் செலவும் கருத்தடையும் போக, முழுவாய் எக்ஸ்ரேயோடு பல பற்களைப் பிடுங்கும் அறுவைக்கு அதில் என்ன மிஞ்சும்? கருத்தடைக்காக எப்படியும் ஒருமுறை மயக்கம் கொடுக்கத்தான் போகிறார்கள். அந்த மயக்கத்திலேயே வாய் முழுவதையும் படமெடுத்து, எலும்பு கரைந்த பற்களை எடுத்து, கசிவுத் தடுப்பு மருந்தோடு மூன்று நாள் மையத்திலேயே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நாயைப் புதிய வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அதற்கான தொகையை வைப்பில் சேர்க்கும் கடமை, அந்த நாயின் ஓட்டத்தால் வருவாய் ஈட்டியவர்களுடையது.